தூக்கம் வரலன்னா படுக்கறதுக்கு முந்தின ஒரு மணி நேரத்தைப் பாருங்க

படுத்த உடனே தூங்கிடணும்னு நிறைய பேரு நினைச்சிட்டு இருக்காங்க, மொதல்ல அந்த நினைப்பை விட்டுடுங்க. நல்லா தூங்குற ஆளுக்கே லைட்டை அணைச்சதுக்கு அப்புறம் ஒரு 10 நிமிஷத்துலேந்து 20 நிமிஷம் வரைக்கும் ஆகும், அது நார்மல்தான். தலகாணில தலைய வெச்ச அடுத்த செகண்டே குறட்டை விடுறாங்களேன்னு நாம பொறாமைப்படுற ஆளுங்கள்ல பல பேரு சரியான தூக்கம் இல்லாம, தூக்கத்தைக் கடன் வெச்சு ஓடிட்டு இருக்கறவங்களா இருப்பாங்க. அதனால கால் மணி நேரம் முழிச்சு கெடந்ததுக்கே "ஐயோ இன்னிக்கும் போச்சு"ன்னு ஆரம்பிச்சிடாதீங்க, வர்ற தூக்கத்தை அந்த ஐயோவே தொரத்திடும்.

மத்த வேலைல எல்லாம் கஷ்டப்பட்டா பலன் கெடைக்கும், இதுல மட்டும் எவ்ளோ முக்குறீங்களோ அவ்ளோ தள்ளிப் போகும். உடம்புக்குள்ள ரெண்டு கணக்கு ஓடிட்டு இருக்கு. நாம முழிச்சிருக்க முழிச்சிருக்க மூளைல அடினோசின்னு ஒரு பொருள் சேந்துட்டே போகும், அது சேர சேர கண்ணு சொருகும், தூங்கினா கொறைஞ்சிடும். இன்னொண்ணு உள்ள இருக்கற கடிகாரம், அது வெளிச்சத்தை வெச்சு இது பகலா ராத்திரியான்னு முடிவு பண்ணும், இருட்டுனா மெலடோனின்னு தூக்கத்துக்கு தயார்படுத்தற ஹார்மோனை சுரக்க விடும், உடம்பு சூட்டையும் கொஞ்சம் எறக்கும். இந்த ரெண்டும் ஒத்துவர்ற நேரத்துல நீங்க பதட்டம் இல்லாம படுத்திருந்தா போதும். கீழ சொல்றது எல்லாமே அதுக்கு எடைஞ்சல் பண்ணாம இருக்கறதுக்கான வேலைங்கதான், தூங்க வைக்கிற மந்திரம் எதுவும் இதுல கெடையாது.

தெனமும் அதே வேலை, அதே வரிசை

படுக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி, அது முடியலன்னா அரை மணி நேரமாவது, நாலஞ்சு சின்ன வேலைய எடுத்துக்கோங்க, தெனமும் அதையே அதே வரிசைல செய்யுங்க. என்ன வேலைங்கறது பெரிய விஷயமே இல்ல, வரிசை மாறக்கூடாது அவ்ளோதான். உதாரணத்துக்கு ஹால் லைட்டை அணைக்கறது, நாளைக்கு போடுற துணிய எடுத்து வெக்கறது, கதவு பூட்டியாச்சான்னு ஒரு தடவ பாக்கறது, பல்லு வெளக்கறது, தண்ணி பாட்டில ரொப்பி பக்கத்துல வெச்சிட்டு ரெண்டு மூணு பக்கம் ஏதாவது படிக்கறது. பாத்தா அல்பமா இருக்கும், ஆனா கொஞ்ச நாள் போனா பல்லு வெளக்கும்போதே கொட்டாவி வர ஆரம்பிக்கும், ஏன்னா அடுத்து என்ன நடக்கப்போகுதுன்னு உடம்புக்குப் பழகிடும். கதவு பூட்டுறதை வரிசைல சேத்ததுக்கும் காரணம் இருக்கு, படுத்ததுக்கு அப்புறம் "பூட்டினோமா இல்லையா"ன்னு எழுந்து போய் பாக்கறவங்க எத்தன பேரு இருக்காங்கன்னு உங்களுக்கே தெரியும்.

சின்ன கொழந்தைங்களுக்கு இது ரொம்ப நல்லா வேலை செய்யும். 2009-ல வந்த ஒரு ஆராய்ச்சில குளிப்பாட்டறது, மெதுவா உடம்பைத் தடவி விடறது, அப்புறம் அமைதியா ஒரு பாட்டோ தாலாட்டோன்னு தெனமும் ஒரே வரிசைல பண்ண சொன்னாங்க, கொழந்தைங்க சீக்கிரம் தூங்கினாங்க, ராத்திரி முழிக்கறதும் கொறைஞ்சுது, அம்மாக்களோட மனசும் கொஞ்சம் லேசாச்சு. கொழந்தைக்கு மட்டும் பாத்துப் பாத்து பண்ணிட்டு நாம மட்டும் போனைப் பாத்துக்கிட்டே அப்படியே சாஞ்சு தூங்கிடணும்னு நினைக்கறது என்ன நியாயம்னு தெரியல.

இந்த ஒரு மணி நேரம் கொஞ்சம் போரடிக்கணும். போரடிக்கலன்னா நீங்க தப்பா ஏதோ பண்றீங்கன்னு வெச்சுக்கோங்க. "அடுத்து என்ன ஆகும்"னு இழுக்கற சீரியல், வீட்டுல பணக்கணக்கு பேசறது, ஆபீஸ் மெயிலுக்கு பதில் போடறது, சொந்தக்காரங்க குரூப்ல யாரோடயோ மல்லுக்கட்டறது இதெல்லாம் அந்த நேரத்துக்குள்ள வரக்கூடாது. படிக்கறதா இருந்தா ஏற்கனவே படிச்ச புக்கையே எடுங்க, கதை தெரியும்ங்கறதால எந்தப் பக்கத்துல வேணும்னாலும் மூடி வெக்கலாம்.

லைட்டும் போனும்

நம்ம கண்ணுல பாக்கறதுக்கு இருக்கற செல்லு போக, இது பகலா ராத்திரியான்னு கடிகாரத்துக்கு சொல்றதுக்குன்னே தனியா சில செல்லு இருக்கு, அதை 2002 வாக்குலதான் சரியா கண்டுபுடிச்சாங்க. அதுக்கு நீல வெளிச்சம்னா ரொம்ப உறைக்கும். அதனாலதான் போன், டேப்லெட்டுன்னு எல்லாரும் திட்டறாங்க, ஆனா தலைக்கு மேல பளீர்னு எரியற வெள்ளை டியூப் லைட்டை யாரும் கண்டுக்கறதில்ல. சாதாரண ரூம் லைட்டே மெலடோனினைத் தள்ளிப் போட்டுடும். ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் மேல இருக்கற பெரிய லைட்டை அணைச்சிட்டு மூலைல இருக்கற மஞ்ச லைட்டை மட்டும் போட்டுப் பாருங்க, காசு செலவில்லாத வேலை. பாத்ரூம்லயும் இதே கதைதான், பல்லு வெளக்கப் போய் கண்ணாடிக்கு மேல இருக்கற வெள்ளை லைட்டுல நிப்போம், வந்த கொட்டாவி அங்கயே போயிடும்.

போன் விஷயத்துல வெளிச்சத்தை விட பெரிய வில்லன் உள்ள இருக்கற சமாச்சாரம்தான். நைட் மோட் போட்டு ஸ்க்ரீனை மஞ்சளாக்கிட்டு ஒரு மணி நேரம் ரீல்ஸ் பாத்தா ஒண்ணும் பிரயோஜனம் இல்ல, ஒவ்வொரு தடவ தள்ளும்போதும் மனசு அடுத்தது என்னன்னு உஷாராகுது. போனை கைக்கு எட்டாத எடத்துல சார்ஜ்ல போடுங்க, முடிஞ்சா அடுத்த ரூம்ல. அலாரத்துக்கு வேணுமேன்னு சொல்லுவீங்க, அதுக்கு சாதாரண அலாரம் கடிகாரம் ஒண்ணு வாங்கிக்கலாம், இல்லன்னா சத்தத்தை ஏத்தி வெச்சிட்டு ரூமோட அந்தக் கோடில வெச்சிடுங்க, காலைல அணைக்கறதுக்காகவாவது எழுந்திருச்சு நடப்பீங்க.

சூடு தண்ணி

இது பாக்க தலைகீழா இருக்கும். தூக்கம் வர உடம்பு உள்சூடு எறங்கணும், ஆனா அதுக்கு வழி வெதுவெதுப்பான தண்ணில குளிக்கறது. வெதுவெதுப்பு பட்டதும் கை கால்ல இருக்கற ரத்தக்குழாய் விரியும், உள்ள இருக்கற சூடு தோல் வழியா வெளிய போகும், குளிச்சு முடிச்சு கொஞ்ச நேரத்துல உள்சூடு எறங்கும். 2019-ல டெக்சாஸ் பல்கலைக்கழகக்காரங்க இதுபத்தி வந்திருந்த பழைய ஆராய்ச்சிங்களை எல்லாம் ஒண்ணா அலசிப் பாத்து, 40-லேந்து 42.5 டிகிரி செல்சியஸ் சூட்டுல, படுக்கறதுக்கு ஒண்ணு ரெண்டு மணி நேரம் முன்னாடி, 10 நிமிஷம் குளிச்சாலே தூக்கம் சீக்கிரம் வருதுன்னு சொன்னாங்க. தெர்மாமீட்டர் எல்லாம் தேட வேணாம், கையை விட்டா சொகமா இருக்கணும், சுரீர்னு சுடக்கூடாது. குளிச்சிட்டு ஈரத்தலையோட அப்படியே போய் படுக்காதீங்க, நேரம் குடுக்கணும்.

குளிக்க சோம்பலா இருந்தா காலை மட்டும் ஒரு பக்கெட் வெதுவெதுப்பான தண்ணில கொஞ்ச நேரம் வெச்சிருங்க, துடைச்சிட்டு சாக்ஸ் மாட்டிக்கோங்க. பாதம் சூடா இருந்தா தூக்கம் சீக்கிரம் வரும்னு 1999-லயே நேச்சர்ங்கற அறிவியல் பத்திரிகைல கட்டுரை வந்திருக்கு, காரணம் மேல சொன்னதேதான். காலு ஐஸ் மாதிரி இருக்கறவங்களுக்கு சாக்ஸ் ஒண்ணுலயே பாதி பிரச்சனை தீரும். ஒரு எச்சரிக்கை, சக்கரை வியாதி இருந்து பாதத்துல மரமரப்பு உள்ளவங்க சூடு தண்ணி பை, ஹீட்டிங் பேட் எதையும் கால்ல வெக்காதீங்க, சுட்டாலும் தெரியாது, தண்ணியையும் வேற யாரையாவது தொட்டுப் பாக்க சொல்லுங்க.

தலைக்குள்ள ஓடறதை எறக்கி வெக்க ஒரு பேப்பர்

எல்லாத்துலயும் எனக்கு ரொம்ப புடிச்சது இதுதான். லைட்டை அணைச்சதும்தான் மறந்துபோன வேலை எல்லாம் வரிசை கட்டி ஞாபகம் வரும். மறந்துடுவோமோங்கற பயத்துலயே மூளை அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிட்டு இருக்கும், அதுக்கு ஒரு பேப்பரும் பேனாவும் போதும். 2018-ல அமெரிக்காவுல பெய்லர் பல்கலைக்கழகத்துல 57 பேரை ரெண்டா பிரிச்சு, படுக்கறதுக்கு முன்னாடி 5 நிமிஷம் எழுத சொன்னாங்க. ஒரு பாதி பேரு இனிமே செய்ய வேண்டிய வேலைய எழுதினாங்க, இன்னொரு பாதி பேரு செஞ்சு முடிச்ச வேலைய. செய்ய வேண்டியதை எழுதினவங்கதான் சராசரியா 9 நிமிஷம் சீக்கிரம் தூங்கினாங்க, அதுலயும் எவ்ளோ விலாவாரியா எழுதினாங்களோ அவ்ளோ சீக்கிரம்.

விலாவாரியாங்கறதுதான் இதுல விஷயமே. "கரண்ட் பில்"னு ரெண்டு வார்த்தை எழுதினா மூளை நம்பாது. "கரண்ட் பில் நாளைக்குத்தான் கடைசி, காலைல டிபன் சாப்பிட்டதும் போன்ல கட்டணும், போன மாச ரசீது ரெண்டாவது ட்ராயர்ல இருக்கு"ன்னு எழுதுங்க. "அண்ணன்கிட்ட பேசணும்"னு எழுதாதீங்க, "அண்ணனுக்கு சாயங்காலம் 7 மணிக்கு மேல போன் பண்ணி, கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடியே வரமுடியாது, மொத நாள் ராத்திரி வந்துடறோம்னு சொல்லணும்"னு எழுதுங்க. படிக்கறவனுக்கு சந்தேகமே வரக்கூடாது, அந்த அளவுக்கு. எழுதி முடிச்சதும் மடிச்சு ரூமுக்கு வெளிய வெச்சிட்டு வாங்க. போன்ல எழுதலாமான்னா வேணாம், எழுதப் போன கையோட நோட்டிஃபிகேஷனை ஒரு பார்வை பாப்பீங்க, அவ்ளோதான் கதை முடிஞ்சுது.

தீர்வே இல்லாத கவலைன்னா, "இதுக்கு இன்னிக்கு ராத்திரி பண்ண ஒண்ணும் இல்ல, சனிக்கிழமை உக்காந்து யோசிக்கறேன்"னு அதுக்கும் ஒரு நாள் குறிச்சு எழுதுங்க. சிரிப்பா இருந்தாலும் எழுதுங்க.

படுத்ததுக்கு அப்புறம்

மொதல்ல உடம்பு. எட்மண்ட் ஜேக்கப்ஸன்னு ஒரு அமெரிக்க டாக்டர் 1920கள்லயே கொண்டு வந்த முறை இது, இன்னிக்கும் டாக்டருங்க சொல்லித் தராங்க. மல்லாக்க படுத்துக்கிட்டு ரெண்டு கால் விரலையும் உள்ளுக்கு மடக்கி 5 செகண்ட் இறுக்கிப் புடிங்க, டக்குனு விடுங்க, விட்டதும் அந்த எடத்துல ஒரு கதகதப்பும் கனமும் பரவும் பாருங்க, ஒரு 10, 15 செகண்ட் அதையே கவனிங்க. அப்புறம் கெண்டைக்கால், தொடை, வயிறு, கை முஷ்டி, தோள்பட்டைய காது வரைக்கும் தூக்கி விடறது, கடைசியா மொகம். மொகத்துல தாடை ரொம்ப முக்கியம், நாள் பூரா பல்லைக் கடிச்சிட்டு இருந்திருப்போம், நமக்கே தெரிஞ்சிருக்காது, மேல் பல்லும் கீழ் பல்லும் ஒட்டாம நாக்கைத் தொங்க விட்டாலே நெத்தி வரைக்கும் தளரும். எங்கயாவது சுளுக்கு, வலி இருந்தா அந்த எடத்தை விட்டுட்டுப் போங்க, சதை புடிச்சுக்கற அளவுக்கு இறுக்கவும் வேணாம்.

மூச்சுக்கு எண்ணிக்கை முறை ஏகப்பட்டது இருக்கு, 4 எண்ணி இழு, 7 எண்ணி புடி, 8 எண்ணி விடுன்னு ஒண்ணு ரொம்ப பிரபலம். மூச்சைப் புடிச்சு வெக்கறது சில பேருக்கு படபடப்பைக் கெளப்பும், அவங்க அதை விட்டுடலாம். இழுக்கறதை விட விடறது நீளமா இருந்தா போதும், 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடுங்க, வெளிய விடும்போது நெஞ்சுத் துடிப்பு கொஞ்சம் நிதானமாகும்.

அப்புறம் மனசு. தூக்கம் வர்றதுக்கு மனசுக்குள்ள ஆடு எண்றது எனக்கு ஒத்து வந்ததே இல்ல, எண்ணிக்கிட்டே கடன் கணக்கும் போட முடியுதே, அதான் பிரச்சனை. மனசுக்குள்ள எடம் மிச்சம் வெக்காத மாதிரி ஏதாவது வேணும். 2002-ல ஆக்ஸ்ஃபோர்ட்ல பண்ண ஒரு சோதனைல அமைதியான ஒரு எடத்தை விலாவாரியா மனசுல பாக்க சொன்னவங்க, எந்த யோசனையும் சொல்லாம விட்டவங்களை விட சீக்கிரம் தூங்கினாங்க. சும்மா கடற்கரைன்னு நினைச்சா பத்தாது, மணல் ஈரமா இருக்கா காஞ்சிருக்கா, வெயில் எந்தப் பக்கம், காத்து காதுல என்ன சத்தம் போடுதுன்னு போகணும்.

இன்னொரு வெளையாட்டு, லூக் போடுவான்ங்கற கனடாக்காரர் சொன்னது. ஒரு சாதாரண வார்த்தைய எடுத்துக்கோங்க, கடல்னு வெச்சுப்போம். மொத எழுத்து க. கதவு, கரண்டி, கழுதை, கப்பல்னு ஒண்ணொண்ணா நினைச்சு ஒவ்வொண்ணையும் சில செகண்ட் மனசுல படமா பாருங்க, கழுதைன்னா அது காதை ஆட்டற வரைக்கும் பாருங்க. க தீந்துபோச்சுன்னா ட. டம்ளர், டயர், டப்பா. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இருக்கக்கூடாது, கதையா கோக்கக்கூடாது. தூக்கம் வரும்போது மூளை இப்படித்தான் துண்டு துண்டா படம் ஓட்டும், நாம முன்கூட்டியே அந்த மாதிரி ஓட்டிக் குடுக்கறோம். ல வரைக்கும் போறதுக்குள்ள முக்காவாசி பேருக்கு ஆட்டம் எங்க நின்னுச்சுன்னே தெரியாது.

வரவே இல்லன்னா எழுந்துடுங்க

கிட்டத்தட்ட 20 நிமிஷம் ஆன மாதிரி இருந்து, எரிச்சலும் வந்துடுச்சுன்னா படுக்கைய விட்டு எழுந்து வேற எடத்துல உக்காருங்க. மங்கலான வெளிச்சம், போரடிக்கற வேலை, துணி மடிக்கறது, பழைய பத்திரிகை புரட்டறது இந்த மாதிரி. கண்ணு அசந்தா மட்டும் திரும்பி வாங்க, வரலன்னா திரும்பவும் இதே. ரிச்சர்ட் பூட்ஸின்னு ஒரு சைக்காலஜிஸ்ட் 1972-ல சொன்ன முறை இது. மணிக்கணக்கா புரண்டு புரண்டு படுத்தா, படுக்கைன்னாலே முழிச்சு கெடக்கற எடம்னு மூளை பதிவு பண்ணிக்கும், சோஃபால கண்ணு சொக்குன ஆளுக்கு கட்டில்ல போய் படுத்ததும் பளிச்சுனு முழிப்பு வர்றது இதனாலதான். இதே காரணத்துக்காக லேப்டாப், சாப்பாடு, சண்டை எதையும் கட்டில் பக்கம் கொண்டு வராதீங்க. எழுந்திருக்கறது மொத சில ராத்திரி ரொம்ப கடுப்பா இருக்கும், குளிர்ல யாரு போர்வைய விட்டு வெளிய வருவா, ஆனா இது நல்லா சோதிச்சுப் பாத்த முறை.

20 நிமிஷத்தை கடிகாரம் பாத்து கணக்கு பண்ணக்கூடாது. மணி பாத்தா "இப்ப தூங்கினாக்கூட நாலு மணி நேரம்தான்"னு கணக்கு ஓட ஆரம்பிச்சிடும், கடிகாரத்தை சொவத்துப் பக்கம் திருப்பி வெச்சிடுங்க.

மிச்ச சொச்சம்

காபி, டீல இருக்கற கஃபைன் அந்த அடினோசின் போய் ஒட்டுற எடத்தை அடைச்சுக்கும். குடிச்சதுல பாதி ஒடம்பை விட்டுப் போகவே சராசரியா 5 மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் மாறும். படுக்கறதுக்கு 6 மணி நேரம் முன்னாடி 400 மில்லிகிராம் கஃபைன் எடுத்தவங்களுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல தூக்கம் கொறைஞ்சுதுன்னு 2013-ல ஒரு ஆராய்ச்சி வந்துது. "நான் குடிச்சிட்டே தூங்குவேன்"னு சொல்றவங்களும் மத்தியானத்தோட நிறுத்திப் பாக்கலாம். சரக்கு அடிச்சா சீக்கிரம் தூக்கம் வரும், உண்மைதான், பாதி ராத்திரில முழிப்பும் வரும். சிகரெட்டும் உசுப்பத்தான் செய்யும். பகல் தூக்கம் போட்டே ஆகணும்னா 3 மணிக்கு முன்னாடி, 20, 30 நிமிஷத்தோட எழுந்துடுங்க.

ஒருக்களிச்சு படுக்கறவங்க ரெண்டு முட்டிக்கும் நடுவுல ஒரு தலகாணி வெச்சுப் பாருங்க, இடுப்புக்கு எவ்ளோ எதமா இருக்குன்னு தெரியும். வெளிய சத்தம் விட்டு விட்டு வந்தா ஃபேன் மாதிரி ஒரே சீரா ஓடற சத்தம் அதை அமுக்கிடும். ரூம் கொஞ்சம் குளுமையா, நல்லா இருட்டா இருக்கட்டும், ஜன்னல் வெளிச்சம் தடுக்க முடியலன்னா கண்ணு மேல மெல்லிசா ஒரு துணி. கனமான போர்வை போத்தினா யாரோ கட்டிப் புடிச்ச மாதிரி இருக்குன்னு சொல்றவங்க இருக்காங்க, உங்களுக்கு புடிச்சா போத்திக்கோங்க, சின்ன கொழந்தைங்களுக்கு மட்டும் கூடவே கூடாது.

காலைல எழுந்திருக்கற நேரம் ராத்திரி விஷயம் இல்லதான், ஆனா மேல சொன்ன எல்லாத்தையும் விட அதுக்கு பலம் ஜாஸ்தி. எத்தன மணிக்கு தூங்கினாலும், ஞாயித்துக்கிழமையா இருந்தாலும், அதே நேரத்துக்கு எழுந்து வெளிய வந்து வெளிச்சத்துல கொஞ்ச நேரம் நில்லுங்க. ஞாயித்துக்கிழமை 11 மணி வரைக்கும் தூங்கிட்டு அன்னிக்கு ராத்திரி 10 மணிக்கே தூக்கம் வரலன்னா, முழிச்சு அவ்ளோ நேரமே ஆகல, அடினோசின் எங்கேந்து சேரும்.

வாரத்துல மூணு ராத்திரியாவது, மூணு மாசமா இப்படியே போகுது, பகல்ல வேலை ஓடலன்னா இந்த சாக்ஸ், பேப்பரோட நிக்காம டாக்டரைப் பாருங்க. பலமா குறட்டை விட்டு நடுவுல மூச்சுத் திணறி எழுந்திருக்கறவங்களும், படுத்தா கால்ல ஏதோ ஊர்ற மாதிரி இருந்து ஆட்டிக்கிட்டே இருக்கறவங்களும் மூணு மாசம்லாம் காத்திருக்க வேணாம், அது வேற பிரச்சனை, அதுக்கு வைத்தியம் இருக்கு. போனதும் மாத்திரை கேக்கறதுக்கு முன்னாடி சிபிடி-ஐ (CBT-I) பண்ணுவீங்களான்னு கேளுங்க. தூக்கமின்மைக்குன்னே இருக்கற பேச்சு வழி சிகிச்சை அது, நீண்ட நாள் தூக்கமின்மைக்கு மொதல்ல இதைத்தான் குடுக்கணும்னு அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-ல சொல்லிருக்கு, வழக்கமா 6-லேந்து 8 தடவ போய் உக்கார வேண்டி இருக்கும். போகும்போது ரெண்டு வாரத்துக்கு எப்ப படுத்தீங்க, எப்ப எழுந்தீங்க, காபி எப்பன்னு தோராயமா காலைல எழுதி வெச்ச ஒரு நோட்டை எடுத்துட்டுப் போனா மொத நாளே வேலை ஆரம்பிச்சிடும்.